வீட்டுத் தோட்டமும் மேட்டுப் பாத்தியும்

"ஆடிப்பட்டம் தேடி விதை" என்னும் பழமொழியை அறியாதார் நம் நாட்டில் இலர். ஆயினும், அதனைக் கேட்டு வளர்ந்த நம்மில் எத்தனை பேர் ஆடித் திங்களில் ஒரு பிடி விதையைக் கையில் எடுத்திருக்கின்றோம்? நகரத்தில் வாழ்வோர்க்கு நிலம் ஏது என்று விடை கூறுவர். வீட்டின் பின்புறத்தே சிறிது இடம் உளதாயினும், அங்கே உடைந்த நாற்காலியும், கட்டடம் கட்டியபோது எஞ்சிய செங்கற்களும், தானே முளைத்த எருக்கஞ்செடியுமே குடியிருக்கும். அங்ஙனம் வீணே கிடக்கும் கொல்லையை ஒரு குடும்பத்திற்கு உதவும் காய்கறித் தோட்டமாக்குவது எவ்வாறு என்பதையும், அதற்கு மேட்டுப் பாத்தி எவ்வாறு துணை செய்யும் என்பதையும் நம் மதுரைச் சமவெளியின் இயல்புக்கேற்ப விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். யான் உழவர் குடியிற் பிறந்தவன் அல்லன். தமிழ் பயிலும் மாணவன். இருமுறை தோற்று, மூன்றாம் முறை கற்ற பாடமே ஈண்டு எழுதப்படுவது. ஆதலின் இதிற் காணும் குறைகளை அன்பர்கள் பொறுத்தருள்க.

முதற்கண் நம் ஊரின் மண்ணையும் மழையையும் அறிதல் வேண்டும். மதுரையைச் சூழ்ந்த நிலம் ஒரு தன்மைத்தன்று. வைகைக் கரையை ஒட்டிச் சோழவந்தான் பக்கம் வண்டல் மண். மேலூரும் அழகர்மலையும் உள்ள பக்கம் செம்மண். திருமங்கலம் நோக்கிச் செல்லச் செல்லக் கரிசல். மழையோ ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 850 மில்லிமீட்டர். அதிலும் ஏறக்குறையப் பாதி ஐப்பசி, கார்த்திகை, மார்கழியாகிய மூன்று திங்களிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். எஞ்சிய திங்களில் வானம் கருணை காட்டுவது சிறிதே. சித்திரையில் வெப்பம் 40 பாகையைக் கடக்கும் நாட்களும் உண்டு. எனவே நம் ஊர்ச் செடிக்கு இரண்டு பகைகள் உள: சில வாரங்கள் நீர் மிகுதி, பல திங்கள் நீரின்மை. ஒரு பகையை மட்டும் எண்ணித் தோட்டம் இடுபவன் மற்றொன்றால் வீழ்வான். இதனை யான் நூலிற் கற்றேனல்லேன்.

எங்கள் வீடு திருமங்கலம் செல்லும் சாலையை அடுத்தது. கொல்லை மண் கரிசல் கலந்தது. என் தந்தையார் நோயின் காரணமாக வேலையை விட்டு வீட்டில் அமர்ந்த ஆண்டிலே, கறிச்செலவையாவது குறைக்கலாம் என்னும் எண்ணத்துடன் யான் முதன்முதல் மண்வெட்டியை எடுத்தேன். ஆடியில் நிலத்தைக் கொத்தி, சமதளத்திலேயே வரப்புக் கட்டி, கத்தரி நாற்றும் மிளகாய் நாற்றும் நட்டேன். ஆவணியிலும் புரட்டாசியிலும் அவை செழித்து நின்றன. ஐப்பசியில் ஒரு பெருமழை பெய்தது. பாத்தியில் நின்ற நீர் மூன்று நாள் வடியவில்லை. நான்காம் நாள் இலைகள் வாடின. நீரில் நிற்கும் செடி வாடுவானேன் என்று அறியாத யான், மழை விட்டதும் மேலும் ஒரு குடம் நீர் வார்த்தேன்! ஒரு வாரத்தில் எல்லாம் பட்டுப்போயின. என் அன்னையார் ஒன்றும் கூறாமல் பையை எடுத்துக்கொண்டு காய் வாங்கச் சென்றார்கள்.

செடி வாடியதன் காரணத்தைப் பின்னரே அறிந்தேன். வேருக்கும் மூச்சுண்டு. மண் துகள்களின் இடையிலுள்ள நுண்ணிய வெளிகளில் காற்று இருத்தல் வேண்டும். அவ்வெளிகள் முழுவதும் நீரால் நிரம்பிவிடின் வேர் திணறும்; திணறிய வேரைப் பூஞ்சணம் பற்றி அழுகச் செய்யும்; அழுகிய வேர் நீரை உறிஞ்சமாட்டாது. ஆகவே செடி நீரின் நடுவே நின்றும் நீரின்றி வாடும். இதற்கு மருந்து, வேர் நிற்கும் மண்ணை நீர் நிற்கும் மட்டத்தினின்றும் உயர்த்துதலே. அங்ஙனம் உயர்த்தப்பட்டதே மேட்டுப் பாத்தி. மிகுந்த நீர் பக்கங்களில் கசிந்து ஓடிவிடும். யாரும் மிதியாமையால் மண் இறுகாது. இட்ட எருவும் வேண்டாத இடத்திற் பரவி வீணாகாது.

இனி, அதனை அமைக்கும் முறையைக் கூறுவேன். நாளொன்றுக்கு 6 மணி நேரமேனும் வெயில் படும் இடத்தைத் தேர்ந்துகொள்க. பாத்தியின் அகலம் 4 அடிக்கு மேற்படலாகாது. ஏனெனில், இரு புறத்தினின்றும் கையை நீட்டினால் நடுப்பகுதி எட்டவேண்டும். பாத்திக்குள் கால் வைத்தல் கூடாது. நீளம் இடத்தைப் பொறுத்தது. 10 அடி என்று கொள்வோம். முதலில் அவ்விடத்து மண்ணை ஒரு சாண் ஆழம் கொத்தி, கல்லும் கோரைக் கிழங்கும் பொறுக்கி எறிக. பின்னர்ச் சுற்றிலும் செங்கற்களை நெட்டுக்குத்தாக, 2 அங்குலம் மண்ணுள் புதைய நிறுத்துக. 28 அடிச் சுற்றளவுக்குச் சற்றேறக்குறைய 75 செங்கற்கள் வேண்டும். உடைந்த கல்லும் பழைய ஓடும் இருப்பின் அவையே போதும். பணம் கொடுத்து வாங்குதல் வேண்டா. கல் மண்ணுக்கு மேல் 7 அங்குலம் நிற்கும்.

இப்பொழுது நிரப்பவேண்டிய மண் ஏறத்தாழ 23 கன அடி. இதனை மூன்று சமபங்காகக் கொள்க. முதற் பங்கு, பாத்தியின் இருபுறத்து நடைவழியிலிருந்தே கிடைக்கும். வழியை 2 அடி அகலம் விட்டு, கல்லை ஒட்டிய அரையடியைத் தொடாமல், எஞ்சிய ஒன்றரையடியை 3 அங்குல ஆழம் சுரண்டி எடுத்தால் அப்பங்கு நிறைவதோடு, அவ்வழியே மழைநீருக்கு வடிகாலும் ஆகும். இரண்டாம் பங்கு, நம் மண்ணில் இல்லாத குணத்தைத் தரவேண்டும்: கரிசற் கொல்லைக்குச் செம்மண், மணற்பாங்கான செம்மண் கொல்லைக்குக் கண்மாய்க் கரம்பை. மூன்றாம் பங்கு, நன்றாக மட்கிய தொழுவுரமோ ஆட்டெருவோ ஆகும். மட்காத பச்சைச் சாணத்தை இடுதல் பெருந்தவறு, அது மண்ணைச் சூடாக்கும், வேர்ப்புழுவும் பெருகும். இவற்றுடன் இரண்டு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கைத் தூவிக் கலந்து, நீர் தெளித்து, ஒரு வாரம் ஆறவிட்டு, பின்னரே நடுதல் நன்று.

இனி எவற்றை நடுவது? இயலுமாயின் பாத்தி மூன்று அமைக்க. ஒன்றில் கத்தரி, தக்காளி, மிளகாய். மற்றொன்றில் கொத்தவரை, அவரை, தட்டைப்பயறு. மூன்றாவதில் வெண்டையும் கீரைகளும். கத்தரியும் தக்காளியும் மிளகாயும் ஒரே குடும்பத்தன; ஒன்றன் நோய் மற்றொன்றுக்கும் பற்றும். ஆகவே ஒரே பாத்தியில் அவற்றையே ஆண்டுதோறும் நடுதல் ஆகாது. பயறு வகைகளோ, தம் வேர் முடிச்சுக்களில் வாழும் நுண்ணுயிர்களின் துணையால் காற்றிலுள்ள நைட்ரசனைப் பற்றி மண்ணுக்கு உரமூட்டுவன. எனவே, கத்தரி நின்ற இடத்தில் அடுத்த பட்டத்திற்கு அவரையும், அவரை நின்ற இடத்தில் வெண்டையும் என மாற்றி வருக. 4 அடிக்கு 10 அடிப் பாத்தியில் இரண்டடிக்கு ஒன்றாக 10 கத்தரிச் செடிகள் அமையும். வெண்டை விதைத்து 45 நாளில் காய் தரத் தொடங்கும். முளைக்கீரை 25 நாளில் பறிக்கலாம். புதியதாகத் தொடங்குவோர் முதலிற் கீரை விதைத்தலே தக்கது. விரைவில் வரும் பயன் ஊக்கத்தை வளர்க்கும்.

விதையைத் தேடித் தொலைதூரம் செல்லவேண்டுவதில்லை. மதுரை மாவட்டத்துக் கல்லம்பட்டியின் நாட்டுக் கத்தரியிலிருந்து தெரிந்தெடுக்கப்பட்டதே எம்.டி.யூ. 1 என்னும் கத்தரி. பெரியகுளத்துத் தோட்டக்கலை ஆய்வாளர்கள் அன்னஞ்சி ஊரின் நாட்டுத் தக்காளியிலிருந்து பி.கே.எம். 1 என்னும் தக்காளியை உருவாக்கினர். விதையிட்டு வளர்க்கும் பி.கே.எம். 1 முருங்கையும் அவ்விடத்ததே. நம் ஊர் வெயிலைப் பல தலைமுறையாகத் தாங்கிப் பழகிய செடிகளின் வழிவந்தவை இவை. முருங்கையைப் பாத்தியில் நடாது வேலியோரத்தில் நடுக.

இம்முறைப்படி மறு ஆண்டு ஆடியில் மேட்டுப் பாத்தி அமைத்தேன். அவ்வாண்டு ஐப்பசி மழையில் வழிகளில் நீர் ஓடியது. செடிகளோ அசையாமல் நின்றன. கார்த்திகை தொடங்கி மாசி வரை வாரத்தில் நான்கு நாளேனும் எங்கள் அடுப்பில் எங்கள் கொல்லைக் காயே வெந்தது. யானும் வெற்றி பெற்றுவிட்டதாகவே எண்ணித் தோழரிடம் பெருமை பேசினேன். பங்குனி வந்தது. காலையில் வார்த்த நீர் மாலைக்குள் மறைந்தது. சித்திரையில் இருவேளை வார்த்தும் மண் புழுதியாய்ப் பறந்தது. குழாயில் நீர் வரும் நாட்களும் குறைந்தன. ஒருநாள் கல்லூரியிலிருந்து விரைந்து திரும்பியபோது, என் அன்னையார் குடிப்பதற்கென்று எடுத்துவைத்த குடத்தைச் சாய்த்து வெண்டைக்கு வார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். "என்ன அம்மா இது?" என்றேன். "வாடுவதைப் பார்த்துக்கொண்டு எப்படியப்பா இருப்பது?" என்றார்கள். வீட்டாரின் தாகத்திற்கு உரிய நீரைக் குடிக்கும் தோட்டம் வீட்டுக்கு உதவியா, சுமையா? அன்றே அக்கோடைத் தோட்டத்தைக் கைவிட்டேன்.

எங்கள் தெருக்கோடியில், முன்னாளில் உழவு செய்த பெரியவர் ஒருவர் உளர். அவர் என் பாத்தியைப் பார்த்து நகைத்து, "தம்பி, மழைக்கு மேடு, வெயிலுக்குப் பள்ளம். நீ வெயிலிலும் மேடாகவே வைத்திருக்கிறாயே!" என்றார். இக்கட்டுரையிற் கூறப்புகுந்த கருத்து முழுவதும் அவ்வொரு வாக்கியத்துள் அடங்கும். மேட்டுப் பாத்தியின் குணம் நீரை விரைந்து வடித்தல். அது கார்த்திகையில் நன்மை. அதுவே சித்திரையில் தீமை. பக்கங்கள் வெயிலிலும் காற்றிலும் படுதலால் மண் விரைவில் உலரும். மழையும் குளிரும் மிகுந்த மேலைநாடுகளுக்கென எழுதப்பட்ட முறைகளை அவ்வாறே இங்குக் கையாளின் இடர்ப்படுவோம். ஒரே பாத்தியை ஆண்டில் ஒரு பாதி மேடாகவும், மறு பாதி பள்ளமாகவும் ஆளுதலே நம் ஊர்க்கு ஏற்ற வழி.

அது கடினமன்று, மண்ணே அதற்குத் துணை நிற்கின்றது. ஆடியில் இட்ட எரு, ஆறு திங்களில் மட்கிக் குறைய, பாத்தி மண் கல் விளிம்பினின்றும் தானே தாழும். அத்தாழ்வை மாசியில் நிரப்பாது விடுக. வேண்டின் நடு மண்ணை ஓரங்களுக்கு ஒதுக்கி, விளிம்பு உயர்ந்த தட்டுப்போல ஆக்குக. வார்க்கும் நீர் வழிந்தோடாது வேரடியில் நிற்கும். அதன்மேல் உலர்ந்த சருகையோ வைக்கோலையோ மூன்று விரல் கனம் பரப்புக. வெயில் மண்ணைத் தொடாது. மீண்டும் ஆடி வரும்பொழுது, அச்சருகும் மட்கி எருவாகியிருக்கும். அதன்மேல் புதிய எருவிட்டு நிரப்பினால் பாத்தி மறுபடியும் மேடாகும். கல் விளிம்பை மாற்றாமலே பாத்தியின் இயல்பு காலந்தோறும் மாறும்.

இதனுடன் பெரியவர் கற்பித்த மற்றொன்று பானை முறை. பூச்சுப் பூசாத சிறு மண்பானைகளைக் கழுத்தளவு புதைத்து, நீர் நிரப்பி, வாயை மூடிவிடுதல் வேண்டும். நம் அண்டையிலுள்ள மானாமதுரை மட்பாண்டத்திற்குப் பெயர் பெற்றதன்றோ? பானையின் நுண்துளைகள் வழியே நீர் மெல்லக் கசியும். சுற்றிலும் மண் உலர்ந்திருந்தால் கசிவு மிகும், ஈரமாயிருந்தால் குறையும். செடி கேட்குமளவே பானை கொடுக்கும். மேற்பரப்பில் நீர் நில்லாமையால் ஆவியாய்ப் போவதும் குறைவு. ஒரு பாத்திக்கு மூன்று அல்லது நான்கு பானைகளை இட்டு, அவற்றைச் சூழ ஒரு சாண் தொலைவிற்குள் செடிகளை நடுக.

கணக்கையும் பார்ப்போம். கடுங்கோடையில், மூடாத மண்ணும் செழித்த செடியும் சேர்ந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 6 மில்லிமீட்டர் நீரை இழக்கும் எனக் கொண்டால், 40 சதுர அடிப் பாத்திக்கு 22 லிட்டர், அதாவது ஏறக்குறைய இரண்டு குடம் வேண்டும். அரிசி களைந்த நீரும், காய் கழுவிய நீரும், பாத்திரத்தை முதலில் அலசிய சோப்புக் கலவாத நீரும் சேர்ந்தால் எங்கள் வீட்டில் நாள்தோறும் ஒரு குடத்திற்குக் குறைவதில்லை. சருகும் பானையும் செலவைக் குறைப்பதால், அவ்வொரு குடத்தைக் கொண்டே ஒரு பாத்தியைக் காக்க முடிகின்றது. ஆகவே கோடையில் மூன்று பாத்திகளையும் காக்க முயலாமல், ஒன்றில் மட்டும் வெண்டையும் கீரையும் வைத்து, மற்ற இரண்டையும் சருகு மூடி ஓய்வளிக்கின்றோம். பாத்தியின் மேல்புறத்தே ஒரு பந்தலிட்டுப் பாகலையோ புடலையோ ஏற்றிவிடின், பிற்பகல் வெயிலுக்கு அது நிழலும் தரும். சென்ற கோடையில் எங்கள் அன்னையார் குடிநீர்க் குடத்தைத் தொடவில்லை.

இனிக் காவலைப் பற்றிச் சில கூறி முடிப்பேன். திருவள்ளுவர் உழவு என்னும் 104ஆம் அதிகாரத்தில், உழுவதைக் காட்டிலும் எருவிடுவதை உயர்த்துகின்றார். நீர் விடுவதைக் காட்டிலும் பயிரைக் காப்பதை உயர்த்துகின்றார். வகுப்பில் இதனைப் பயின்றபொழுது சொல்லழகென்றே எண்ணினேன். கத்தரியில் புழு விழுந்தபொழுதே பொருளழகு விளங்கிற்று. தண்டிலும் காயிலும் துளைக்கும் புழு ஒரு வாரத்தில் ஒரு திங்கள் உழைப்பை அழிக்கவல்லது. வாடிய நுனியைக் கண்டவுடன் கிள்ளி எடுத்து அழித்தல், துளைபட்ட காயைப் பறித்து அகற்றுதல், அசுவினி மொய்த்த இலையை நீரால் கழுவுதல் ஆகியவை நாள்தோறும் செய்யத்தக்கன. 50 கிராம் வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து, 1 லிட்டர் நீரில் ஓரிரவு ஊறவைத்து வடிகட்டி, சிறிது சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் தெளித்தால் பல பூச்சிகள் அணுகா.

இப்பணிக்கு வேண்டுவது வலிமையன்று, பொறுமையும் கண்ணுமே. எங்கள் தோட்டத்தில் அப்பணியை மேற்கொண்டவர் என் தந்தையார். மண்வெட்டியைத் தூக்க இயலாத அவர்கள், விடியற்காலையில் ஒரு நாற்காலியைப் பாத்தியோரம் இட்டு அமர்ந்து, இலை இலையாகப் புரட்டிப் பார்ப்பார்கள். வேலையை இழந்தபின் பல திங்கள் எவரோடும் அதிகம் பேசாதிருந்தவர்கள், இப்பொழுது எந்தச் செடியில் எத்தனை பிஞ்சு என்று எங்களுக்கு எண்ணிச் சொல்கின்றார்கள்.

வீட்டுத் தோட்டம் சிறுபிள்ளை விளையாட்டன்று என்பதற்கு வரலாறும் சான்று. 1939ஆம் ஆண்டு போர் மூண்டபொழுது இங்கிலாந்தில் புல்வெளிகளும் பூங்காக்களும் காய்கறிப் பாத்திகளாயின. அமெரிக்காவிலும் ஏறத்தாழ 2 கோடி வெற்றித் தோட்டங்கள் எழுந்தன எனக் கணக்கிட்டுள்ளனர். 1942இல் பர்மா ஜப்பானியர் கைப்பட, அங்கிருந்து வந்த அரிசி நின்றது. அடுத்த ஆண்டில் வங்காளம் பஞ்சத்தால் அழிந்தது. இந்திய அரசாங்கமும் உணவுப் பெருக்க இயக்கத்தைத் தொடங்கிற்று. தொலைநாட்டையே நம்பிய உணவு எவ்வளவு விரைவில் அற்றுப்போகும் என்பதை அக்காலம் உணர்த்தியது. தஞ்சாவூரில் 1892ஆம் ஆண்டு கிறித்தவக் குடும்பத்திற் பிறந்து, பொருளாதார அறிஞராய்க் காந்தியடிகளுடன் கிராமப்பணி ஆற்றிய ஜே. சி. குமரப்பா, தம் இறுதி ஆண்டுகளை நம் மாவட்டத்து டி. கல்லுப்பட்டியிலே கழித்து 1960இல் மறைந்தார். ஓர் ஊரின் நிலம் முதலில் அவ்வூர் மக்களின் நிறையுணவுக்குப் பயன்படுதல் வேண்டும். விற்பனைப் பயிர் அதன் பின்னரே என்பது அவர்தம் கொள்கை. ஊருக்குப் பொருந்தும் அக்கருத்து ஒரு வீட்டின் கொல்லைக்கும் பொருந்துமன்றோ?

மிகைபடக் கூறுதல் தகாது. மூன்று பாத்திகள் ஒரு குடும்பத்தின் காய்த்தேவை முழுவதையும் நிரப்பா. வெங்காயத்திற்கும் கிழங்கிற்கும் இன்றும் கடைக்கே செல்கின்றோம். முதலாண்டில் எருவுக்கும் செம்மண்ணுக்கும் செலவும் உண்டு. ஆயினும், நாள்தோறும் ஒரு பிடி கீரையும், வாரத்தில் சில வேளைக் காயும், அவற்றைப் பறிக்கும் கைக்கு ஒரு மகிழ்வும் உறுதி. மாணவ நண்பர்களே, விடுமுறைக்கு வீடு செல்லும்பொழுது உங்கள் கொல்லையை ஒருமுறை பாருங்கள். ஒரே ஒரு பாத்தி போதும். ஆடியில் அதனை மேடாக்குங்கள். மாசியில் பள்ளமாக விடுங்கள். அதன் ஓரத்தில் ஒரு நாற்காலியும் இடுங்கள். அதில் வந்து அமரத்தக்கவர் உங்கள் வீட்டிலும் ஒருவர் இருத்தல் கூடும்.